இரண்டு வரித் திருத்தம்

1

என் பெயரை ஓர் இணையத்தளத்தில் நன்றியோடு போட்டிருக்கிறார்கள். போன கிழமைதான் எனக்குத் தெரிய வந்தது.

காணாமற்போனவர்களையும் இடம்பெயர்ந்தவர்களையும் பதிந்துவைத்துத் தேடுவதற்கென்று எழுதப்பட்ட மென்பொருள் அது. திறந்த மூல மென்பொருள் என்பார்கள். யாரும் காசில்லாமல் எடுத்துப் பாவிக்கலாம், உள்ளே எழுதியிருப்பதை வாசிக்கலாம், பிழை கண்டால் திருத்தி அனுப்பலாம். அதன் புதிய பதிப்போடு, பங்களித்தவர்கள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டிருக்கிறார்கள். அதில் கடைசிக்கு முந்திய ஆள் நான். "மொஹமட், எம்." என்று இருக்கிறது. என் பெயர் ரிஸ்வி.

கிழக்குக் கரையில் எங்கள் ஊரான மருதமுனையில் என்னோடு படித்த ஒருவர் இப்போது பழைய மாணவர் மலரைத் தொகுக்கிறார். அவர் எப்படியோ இதைக் கண்டுவிட்டார். உலகம் முழுக்கப் பாவிக்கிற மென்பொருளில் எங்கள் ஊரவன் பெயர் வந்திருக்கிறது, ஒரு கட்டுரை தா, பிள்ளைகளுக்கு ஊக்கமாக இருக்கும் என்று எழுதியிருந்தார்.

ஊக்கமாக இருக்குமா என்று எனக்குத் தெரியாது. நான் செய்தது இரண்டு வரித் திருத்தம். வரிக்கு ஒரு சொல் சேர்த்தேன். அவ்வளவுதான். ஆனால் கேட்டதற்காக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என் ராத்தாவிடம், மூத்த சகோதரியிடம், கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். எழுது, ஆனால் பிள்ளையின் பெயரை முழுதாகப் போடு என்றார். போடுகிறேன். பாத்திமா நஸ்ரினா.

2

நான் இங்கிலாந்துக்கு வந்தது சுனாமிக்கு இரண்டு வருடங்களுக்கு முன்பு. கட்டடங்களில் ஓடும் லிஃப்டுகள் பழுதாகும் முன்பே தகவல் சொல்லும் மென்பொருளை எழுதுகிற சின்னக் கம்பனியில் வேலை. மனைவி ரிஹானாவும் ஒரு வயது மகள் ஹனாவும் கூட வந்தார்கள்.

வந்த முதல் நாளே பெயர்ச் சிக்கல் தொடங்கிவிட்டது. எங்கள் ஊரில் ஒருவனை எம். ஐ. எம். ரிஸ்வி என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. இங்கே முதற்பெயர் எது, குடும்பப் பெயர் எது என்று இரண்டு பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். முகம்மது இப்ராஹீம் முகம்மது ரிஸ்வியை அந்த இரண்டு பெட்டிகளுக்குள் போட வேண்டும். விமான நிலையத்தில் ஒருவர் மொஹமட்டைக் குடும்பப் பெயர் ஆக்கினார். ரிஹானா அவளுடைய வாப்பாவின் பெயரில் இருந்தாள். ஹனா என் பெயரில் இருந்தாள். மூன்று பேருக்கும் மூன்று குடும்பப் பெயர். ஒவ்வொரு தடவை எல்லையைக் கடக்கும்போதும் இந்தப் பிள்ளை யாருடையது என்று கேட்பார்கள். மரியாதையாகத்தான் கேட்பார்கள்.

கடல் வந்த அன்று என் கடவுச்சீட்டு என்னிடம் இல்லை. விசா நீடிப்புக்காகக் கொடுத்திருந்தேன். டிசம்பர் நத்தார் விடுமுறை என்பதால் தொலைபேசியில் ஒரு பாட்டுத்தான் திரும்பத் திரும்ப ஓடியது. விடுமுறை முடிந்து ஒரு பெண் பேசினார். கடவுச்சீட்டைத் திருப்பித் தரலாம், ஆனால் விண்ணப்பத்தை மீளப் பெற்றதாகக் கணக்கில் வரும், வெளியே போனால் திரும்பி வருவதற்கு உத்தரவாதம் இல்லை என்றார். உங்கள் இழப்புக்காக வருந்துகிறேன் என்றும் சொன்னார்.

நான் போகவில்லை. ரிஹானாவும் பிள்ளையும் தனியே என்ன செய்வார்கள், வேலை என்னாகும் என்றெல்லாம் காரணம் இருந்தது. காரணங்கள் இப்போதும் சரியாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் நான் போகவில்லை என்பதே உண்மை.

3

என் ஒரே ராத்தாவின் முழுப் பெயர் சித்தி ஜெஸீமா. அவருடைய வீடு கடலில் இருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. அவருடைய கணவர், என் மச்சான், நெல் வாங்கி விற்பவர். அந்த ஞாயிறு காலை அவர் நெல் பார்க்க ஆலையடிவேம்புப் பக்கம் போயிருந்தார். வீட்டில் ராத்தாவும் இரண்டு பெண்பிள்ளைகளும். மூத்தவள் சில்மியாவுக்கு அப்போது பதின்மூன்று வயது, நஸ்ரினாவுக்கு ஆறு.

சத்தம் கேட்டு ராத்தா இரண்டு பேரையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறார். தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது பள்ளிவாசல் மதிலின் கம்பியில் சில்மியாவின் சட்டை மாட்டிக்கொண்டது. அந்தப் பிள்ளை அதனால் நின்றாள். மற்றக் கையில் இருந்தவள் நழுவிவிட்டாள். ராத்தா இதை ஒரே ஒரு தடவைதான் எனக்குச் சொன்னார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

நஸ்ரினாவை யாரோ லொறியில் ஏற்றியதைக் கண்டதாக ஒரு பையன் சொன்னான். உயிரோடு கண்டதாகச் சொன்னான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மச்சான் மோட்டார் சைக்கிளில் கல்முனை, அக்கரைப்பற்று, மட்டக்களப்பு என்று ஒவ்வோர் ஆஸ்பத்திரியாகப் போனார். அம்பாறை ஆஸ்பத்திரியில், இடமில்லாமல் காயப்பட்டவர்கள் பலரை வேறு ஊர்களுக்கு மாற்றிவிட்டோம் என்றார்கள். யாரை எங்கே என்ற பட்டியல் கையில் இல்லை, எல்லாப் பெயரும் கொம்பியூட்டரில் ஏறுகிறது, வெளிநாட்டில் சொந்தக்காரர் இருந்தால் பார்க்கச் சொல்லுங்கள் என்று அங்கே நின்ற ஒரு தொண்டர் சொல்லியிருக்கிறார்.

நாலாம் நாள் அயல் வீட்டுக் கைபேசியில் இருந்து ராத்தா என்னை எடுத்தார்.

"தம்பி, பேரெல்லாம் கொம்பியூட்டர்ல போட்டிரிக்காம். புள்ளட பேர் இரிக்கா எண்டு பாருடா. உனக்குத்தானே அது தெரியும்."

எனக்குத்தானே தெரியும். கையோடு பார்த்தேன். பிள்ளைகளின் விபரம் கெட்டவர் கையில் போகக்கூடாது என்று முழுப் பட்டியலையும் காட்டாமல் வைத்திருந்தார்கள். பெயரை அடித்தால்தான் ஆள் வரும். ஆங்கிலத்தில் நஸ்ரினாவை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் அடித்தேன்; வேறு ஆட்கள்தான் வந்தார்கள். தமிழில் அடித்தேன். தமிழில் அடித்த ஒவ்வொரு தடவையும் "இப்பெயரில் எவரும் பதியப்படவில்லை" என்று வந்தது. அந்த வசனத்தை நல்ல தமிழில் மொழிபெயர்த்துப் போட்டிருந்தார்கள்.

அடுத்த நாளும் பார்த்தேன். அதற்கடுத்த நாளும் பார்த்தேன். கம்பனியில் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தேன், பஸ் ஏறும் முன்பு நூலகத்தில் பார்த்தேன். ராத்தா ஒவ்வொரு நாளும் அழைப்பார். ஒவ்வொரு நாளும் நான் இல்லை என்பேன்.

இருபதாம் நாள் அவர் கேட்டார்: "நீ வடிவாப் பாத்தியா?"

"ஓம் ராத்தா. எல்லா மாதிரியும் அடிச்சிப் பாத்த நான். பேர் இல்ல."

அவர் வைத்துவிட்டார். அடுத்த நாள், அடக்க மையித்து இல்லாமலே, இறந்தவருக்கான ஜனாசாத் தொழுகையை நஸ்ரினாவுக்குத் தொழுதார்கள். ரிஸ்வி கொம்பியூட்டரில் பார்த்துச் சொல்லிவிட்டான், இனி இல்லை என்று மச்சான் ஊரில் சொன்னாராம். என் படிப்பில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

4

இடையில் போன நான்கைந்து வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கடற்கரையில் இருந்து இத்தனை மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று ராத்தாவின் வளவில் கல் நட்டார்கள். வேறு இடத்தில் வீடு தருவதாகப் பெயர் எழுதினார்கள். அந்தப் பட்டியலில் பெயர் இருந்தது, வீடுதான் வரவில்லை. கடைசியில் மச்சான் தன் உம்மாவின் வளவில் இரண்டு அறை கட்டினார்.

எனக்கு விசா நீண்டது, பிறகு நிரந்தரமானது. ஹனாவை, தமிழ் மறக்கக்கூடாது என்று, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தேன். வடக்கில் இருந்து வந்த தமிழர்கள் ஒரு தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடத்தியது அது. பாடப் புத்தகத்தில் அப்பா, அம்மா என்றுதான் இருக்கும். ஹனா ஒருநாள் வகுப்பில் வாப்பா என்று சொல்லிப் பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து வகுப்பில் ஒரு சொல்லும் வீட்டில் ஒரு சொல்லுமாக இருந்தாள். பிறகு இரண்டையும் விட்டுவிட்டு டாட் என்று கூப்பிடத் தொடங்கினாள். எட்டு வயதில், சனிக்கிழமை நீச்சல் பழகப் போகிறேன், தமிழ் வேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ரிஹானா சரி என்றாள். நானும் சரி என்றேன். சண்டை பிடிக்கிற அளவுக்கு எனக்கு அந்தப் பள்ளியில் ஒட்டு இருக்கவில்லை. என் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார்கள் என்ற கோபம்தான் இருந்தது.

அங்கே ஹனாவுக்குப் படிப்பித்தவர் சுகந்தி. கிளிநொச்சிப் பக்கத்தவர். நாற்பது வயதிருக்கும். பகலில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. என்னைக் கண்டால் தலையசைப்பார், நானும் அசைப்பேன், அதற்கு மேல் கதை இல்லை. தொண்ணூறாம் ஆண்டு எங்கள் பக்கம் பள்ளிவாசலில் தொழுதவர்களைச் சுட்டதையும், வடக்கில் இருந்து முஸ்லிம்களைத் துரத்தியதையும் நான் மறந்தவனில்லை. எங்கள் பக்கமும் சுத்தமில்லை என்பது எனக்குத் தெரியும். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும் என்பதால் இரண்டு பேரும் தலையை மட்டும் அசைத்துக்கொண்டோம்.

யுத்தம் முடிந்த கிழமை ஊருக்குத் தொலைபேசி எடுத்தேன். கடைகளில் கொடி கட்டச் சொன்னார்கள், கட்டினோம் என்றார் மச்சான். சந்தோசமா என்று கேட்டேன். கதைக்கிறதுக்கு ஒன்றுமில்லை என்றார். நெல் விலையைப் பற்றிக் கதைத்தோம்.

இரண்டு கிழமை கழித்து, ஹனாவின் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கத் தமிழ்ப் பள்ளிக்குப் போனேன். சுகந்தி வாசல் வரை கூடவே வந்தார். முகம் வற்றிப் போயிருந்தது.

"உங்களிட்டக் கேக்க எனக்கு வெக்கமாக் கிடக்கு," என்றார். "அப்பா வவுனியா முகாமுக்குள்ள எண்டு ஒராள் சொன்னது. முகாமில இருக்கிற ஆக்களின்ர பேரை இஞ்ச பெடியள் கொம்பியூட்டர்ல போடினம். அப்பான்ர பேரை அடிச்சா இல்லை எண்டு வருது. நீங்கள் ஒருக்காப் பாக்கிறியளோ?"

யுத்தத்தில் தப்பியவர்களை அடைத்துவைத்த முகாம்களுக்குள் போய் வந்தவர்கள் கையால் எழுதிக்கொண்டு வந்த பெயர்களைச் சில இளைஞர்கள் அந்த மண்டபத்திலேயே தட்டச்சுச் செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் காட்டிய பக்கத்தைத் திறந்தபோது எனக்கு அடையாளம் தெரிந்தது. நிறம் மாற்றியிருந்தார்கள், மற்றபடி அதே மென்பொருள். சுகந்தியின் அப்பாவின் பெயரைத் தமிழில் அடித்தேன். இப்பெயரில் எவரும் பதியப்படவில்லை.

பக்கத்தில் நின்ற இளைஞன், "ஐயா, அவற்ற பேரை நான்தான் அடிச்சனான். உள்ள கிடக்கு. தேடினா ஏன் வருகுதில்லை எண்டு விளங்கேல்லை," என்றான்.

5

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் தொழில் விஷயம். சுருக்கமாகச் சொல்கிறேன்.

நாங்கள் எழுதும் நிரலை இயந்திரத்துக்கு விளங்கும்படி மாற்றுவது கம்பைலர் என்ற இன்னொரு மென்பொருள். மாற்றும்போது அது நாங்கள் எழுதியதை வாசித்துப் பார்க்கும். பிழை என்றால் நின்றுவிடும். பிழை இல்லை, ஆனால் சந்தேகமாக இருக்கிறது என்றால் எச்சரிக்கை என்று ஒரு வரி காட்டிவிட்டுத் தன் வேலையைத் தொடரும். பெரிய நிரல்களில் இப்படி நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும். யாரும் வாசிப்பதில்லை. என் கம்பனியில் நானும் வாசிப்பதில்லை.

அன்று அந்த மென்பொருளின் மூலத்தை இறக்கி என் கணினியில் கம்பைலருக்குக் கொடுத்தேன். எச்சரிக்கைகள் ஓடின. இந்தத் தடவை ஒவ்வொன்றாக வாசித்தேன். தேடும் பகுதியில் இரண்டு வரிகளைக் காட்டி, இந்த எண் பூச்சியத்துக்குக் கீழே போகக்கூடும் என்ற கருத்தில் ஓர் எச்சரிக்கை இருந்தது.

தேடுவதற்கு முன்பு அந்த நிரல் பெயரில் உள்ள புள்ளி, கமா போன்றவற்றை நீக்கும். இது எழுத்தா இல்லையா என்று அறிய, வரிசையாக இலக்கமிட்ட பெட்டிகளில் பார்க்கும். ஆங்கில எழுத்துகளுக்கெல்லாம் பூச்சியத்துக்கு மேல் இலக்கம். தமிழ் எழுத்துகளை அது எண்ணிய விதத்தில் எல்லாமே பூச்சியத்துக்குக் கீழே விழுந்தன. கீழே பெட்டியே இல்லை. இல்லாத இடத்தில் போய்ப் பார்த்துவிட்டு, எழுத்தல்ல என்று தீர்மானித்து, ஒவ்வொன்றாக நீக்கிவிடும். கடைசியில் பெயரில் ஒன்றும் மிஞ்சாது. ஒன்றுமில்லாத பெயரில் எவரும் இல்லை என்று பதில் சொல்லும்.

பூச்சியத்தில் இருந்து மேல்நோக்கி எண்ணு என்பதற்கு ஒரு சொல் உண்டு. அந்த இரண்டு வரிகளிலும் அதைச் சேர்த்தேன். எச்சரிக்கை மறைந்தது. பொய்ப் பெயர்கள் நாலைந்து போட்டுத் தமிழில் தேடினேன். வந்தன.

எழுதி ஆறேழு வருடமாக, ஒவ்வொரு தடவை அந்த நிரலை மாற்றும்போதும் கம்பைலர் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

6

திருத்தம் ஒரு மணித்தியால வேலை. அதை ஏற்கவைக்க இருபத்திரண்டு நாள் பிடித்தது.

முகாம் பட்டியலை நடத்திய இளைஞர்கள் பயந்தார்கள். தங்களுக்கு நிரல் தெரியாது, மூலத் திட்டக்காரர் ஏற்றுக்கொண்டால் போடுகிறோம் என்றார்கள். சரியென்று திட்டத்துக்கு அனுப்பினேன். அதைப் பராமரித்தவர் வட ஐரோப்பாவில் எங்கோ இருந்தார். சம்பளமில்லாமல் செய்கிறவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுத்துக்கு எழுத்து விதிப்படி நடப்பவர்.

முதற் பதில் ஆறாம் நாள் வந்தது. எச்சரிக்கைகளை மட்டும் நீக்கும் திருத்தங்களைப் பதிப்பு வெளிவரும் காலத்தில் எடுப்பதில்லை, அவை அழகுபடுத்தல்தான் என்றார். அழகுபடுத்தல் இல்லை, தமிழ்ப் பெயர் எதையும் தேட முடியவில்லை என்று எழுதினேன். என் கடிதத்தை வாசித்த ஹனா விழுந்து விழுந்து சிரித்தாள். கைண்ட்லி டூ த நீட்ஃபுல், தயவுசெய்து ஆவன செய்க, என்று முடித்திருந்தேன். எங்கள் ஊரில் அரசாங்கக் கச்சேரிக்கு எழுதும் கடிதமெல்லாம் அப்படித்தான் முடியும். இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை டாட் என்று எட்டு வயதுப் பிள்ளை என் கடிதத்தை வரிக்கு வரி திருத்தினாள். எதைப் பற்றிய கடிதம் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இரண்டாம் பதிலில், தலைப்பு நீளம், ஐம்பது எழுத்துக்குள் குறுக்குங்கள் என்றார். குறுக்கினேன். மூன்றாம் பதிலில், பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையொப்பம் வேண்டும், சட்டப்படியான முதற்பெயரும் குடும்பப் பெயரும் வேண்டும் என்றார். எம். ஐ. எம். ரிஸ்வி என்று ஒப்பமிட்டேன். முதலெழுத்துகள் ஏற்கப்படாது என்று திரும்பி வந்தது. கடவுச்சீட்டில் உள்ளபடி மொஹமட் என்று நிரப்பி அனுப்பினேன்.

இதற்கிடையில் சுகந்தி இரண்டு நாளைக்கு ஒருக்கால் எடுத்தார். அவருடைய அப்பாவுக்கு நீரிழிவு. எந்த முகாம், எந்தப் பகுதி என்று தெரியாமல் மருந்து அனுப்ப வழியில்லை. நான் ஒவ்வொரு தடவையும் இன்னும் இல்லை அக்கா என்று சொன்னேன். அந்தச் சொல் என் வாய்க்குப் பழகியிருந்தது.

பொறுக்க முடியாமல் கடைசியில் பராமரிப்பாளருக்கு நேரடியாக எழுதினேன். ஹனாவிடம் காட்டவில்லை. முகாமில் ஒரு கிழவர் இருக்கிறார், அவருடைய பெயர் உங்கள் பட்டியலுக்குள் கிடக்கிறது, உங்கள் நிரல் இல்லை என்று சொல்கிறது என்று மட்டும் எழுதினேன். அன்றைக்கே ஏற்றுக்கொண்டார். இது முன்பே தெரிந்திருந்தால் என்று ஒரு வரி எழுதியிருந்தார்.

7

சுகந்தியின் அப்பா கிடைத்தார். பெயர், வயது, பகுதி இலக்கம் எல்லாம் இருந்தன. நாலாம் நாள் ஒரு பாதிரியாரின் கைபேசியில் அவரோடு கதைத்தாராம். மருந்தும் போய்ச் சேர்ந்தது. சுகந்தி ஒரு சட்டி நிறைய இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து, வாசலில் நின்றபடி ரிஹானாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. அதை இல்லை என்று சொன்னால் பொய்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ரிஹானா அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். ஹனா நீச்சலுக்குப் போயிருந்தாள். சுனாமிக்காலப் பட்டியலையும் அதே மென்பொருளில் யாரோ இன்னும் வைத்திருந்தார்கள். புதிய பதிப்பு அதற்கும் போய்ச் சேர்ந்திருந்தது. ஏன் திறந்தேன் என்று கேட்டால், என் திருத்தம் அங்கேயும் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாத்திமா நஸ்ரினா என்று அடித்தேன். மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் ஐம்பது வயதுப் பெண். ஒருவர் திருகோணமலைப் பக்கம். மூன்றாவது: பெண், வயது ஆறு, மருதமுனை. இடது புருவத்தில் பழைய தழும்பு. நெஞ்சில் காயம், மூச்சுக் கஷ்டம். அம்பாறையில் இருந்து மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மாற்றம். குறிப்பு என்ற இடத்தில் யாரோ ஒரு தொண்டர் எழுதியிருந்தார்: உம்மாவின் பெயர் ஜெஸீமா என்று சொல்கிறாள்.

பதிந்தது மூன்றாம் நாள், தமிழில் மட்டும். நான் முதன்முதல் தேடியது நாலாம் நாள்.

ரிஹானா வந்து என் தோளுக்கு மேலால் வாசித்தாள். கையில் அரிசிச் சட்டி இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். அன்று வீட்டில் யாரும் சமைக்கவில்லை.

8

என்னோடு படித்த அன்வர் மலைநாட்டில் ஆசிரியராக இருக்கிறான். அவனை அந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பதிவேடு பார்க்க மூன்று தடவை அலைந்தான். பிள்ளை நாலாம் நாள் அங்கே சேர்ந்திருக்கிறது. பதினோராம் நாள் மவுத்து. கேட்டு வர ஆள் இல்லாததால் அந்த ஊர்ப் பள்ளிவாசல்காரர் பொறுப்பெடுத்து அடக்கியிருக்கிறார்கள்.

நான் தேடத் தொடங்கியதில் இருந்து ஒரு கிழமை. மச்சானிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது, பாதை இருந்தது. நான் ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றைக்கே வெளிக்கிட்டிருப்பார். பிள்ளை பிழைத்திருக்காது என்று டொக்டர் ஒருவர் அன்வரிடம் சொன்னாராம். இருக்கலாம். நான் கேட்கிற கேள்வி அதுவல்ல.

ராத்தாவிடம் சொல்ல வேண்டாம் என்றாள் ரிஹானா. ஐந்து வருடமாகத் தொழுது அழுது ஒரு மாதிரி அடங்கிப்போன மனுசி, திரும்பக் கிளற வேண்டாம் என்றாள். பத்து நாள் அப்படியே இருந்தேன். பிறகு எடுத்தேன். சில்மியா எடுத்து உம்மாவிடம் கொடுத்தாள்.

"ராத்தா, நஸ்ரினாட பேர் இரிந்திரிக்கி," என்றேன்.

எங்கே என்றார். சொன்னேன். எப்போது மவுத்து என்றார். சொன்னேன். நீ எப்போது பார்த்தாய் என்றார். அதையும் சொன்னேன். பிறகு ஒரு மடையனைப் போல, மேலே உங்களுக்கு விளக்கிய எல்லாவற்றையும், பெட்டி, பூச்சியம், எச்சரிக்கை என்று அவருக்கும் விளக்கத் தொடங்கினேன். நான் சொல்லி முடித்த பிறகு ஒன்று கேட்டார்.

"அங்க தமிழ் கதைக்கிற ஆக்கள் யாரும் இரிந்தாங்களா?"

"தெரியா ராத்தா."

"கேட்டுச் சொல்லு."

அன்வர் நாலாம் தடவை போனான். அந்த வார்ட்டில் துப்புரவு வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி, செல்லம்மா என்று பெயர், பிள்ளையை மறக்கவில்லை. கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் பிள்ளை உம்மா, உம்மா என்று கேட்டதாம். செல்லம்மாவுக்கு எங்கள் சொல் தெரியாது. அவருடைய தமிழில் உம்மா என்றால் முத்தம். பிள்ளை முத்தம் கேட்கிறது என்று நினைத்து, கேட்கும்போதெல்லாம் குனிந்து நெற்றியில் கொடுத்திருக்கிறார். அடக்கம் செய்ய வந்த பள்ளிவாசல்காரர் சொல்லித்தான் அந்தச் சொல்லின் பொருள் தெரிந்ததாம். அன்வர் இதை எனக்குச் சொல்லிவிட்டு, இதையும் உன் ராத்தாவிடம் சொல்லத்தான் போகிறாயா என்று கேட்டான்.

சொன்னேன். இனி எதையும் மறைக்கவோ, என் கணிப்பில் இல்லை என்று சொல்லவோ எனக்குத் துணிவில்லை.

9

ராத்தாவும் மச்சானும் சில்மியாவும் மலைநாட்டுக்குப் போய்வந்தார்கள். மையவாடியில் பிள்ளையை அடக்கிய இடத்தைக் காட்டினார்களாம். செல்லம்மாவுக்கு மருதமுனைக் கைத்தறிச் சாரி ஒன்று கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார் ராத்தா. அவருடைய வீட்டில் தேநீர் குடித்துவிட்டு, அன்று மாலை வரை இரண்டு பேரும் இருந்து கதைத்தார்களாம். என்ன கதைத்தார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை.

என்னை அவர் ஒரு சொல் குறை சொன்னதில்லை. உன்னில் பிழையில்லை, அது மிசினின் பிழை என்று மச்சான் சொல்வார். ஆனால் மிசினைப் பார்த்தவன் நான். இல்லை என்ற பதிலை நம்பியவன் நான். தமிழில் அடித்தபோது மட்டும் ஓர் எழுத்துப் பொருத்தம்கூட வராமல் வெறுமையாக நின்ற பக்கத்தை இருபது நாள் பார்த்தும், இதில் ஏதோ சரியில்லை என்று தொழில் தெரிந்த எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. மூலம் அப்போதும் திறந்துதான் கிடந்தது. யாரும் வாசிக்கலாம் என்றுதான் எழுதியிருந்தது.

மலர்த் தொகுப்பாளர் நண்பர் இதை ஊக்கமான கட்டுரை என்று போட மாட்டார். போடாவிட்டால் பரவாயில்லை.

ராத்தா இப்போதும் கிழமைக்கு ஒரு தடவை கதைப்பார். மழை, வெள்ளாமை, ஹனாவின் படிப்பு என்று எல்லாம் கேட்பார். இரண்டு நாளைக்கு முன்பு சில்மியாவின் உயர்தரப் பரீட்சை முடிவு இணையத்தில் வந்தது. பரீட்சைச் சுட்டெண்ணைச் சொன்னால் இங்கிருந்து இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்லியிருப்பேன். அழைப்பு வரும் என்று அன்று முழுக்கக் கைபேசியைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். ராத்தா சுட்டெண்ணை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு, மழைக்குள் குடையோடு கல்முனைக்கு பஸ் ஏறிப் போய், நெட் கடையில் வரிசையில் நின்று பார்த்திருக்கிறார். பிள்ளை நன்றாகச் செய்திருக்கிறாள். எனக்கு மச்சான்தான் சொன்னார்.